பதினான்கு சிறுமிகள், ஒரு பந்து, நான்

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து நான் கோச்! எங்கள் பாரங்காயின், அதாவது எங்கள் ஊர் வட்டாரத்தின், பத்து வயதுச் சிறுமிகள் கால்பந்துக் குழுவுக்கு. பள்ளியை விட்ட நாளோடு பந்தையும் விட்டவன் நான். அப்போதும் அது என் காலுக்குக் கட்டுப்பட்டதில்லை. பிறகு ஏன் நான்? பதினான்கு பேரையும் ஒரே நடையில் மைதானத்துக்கு ஏற்றிப்போகும், பக்கப்பெட்டி வைத்த மோட்டார் ட்ரைசைக்கிள் என்னுடையது. பாரங்காய்த் தலைவர் அதையே தகுதி என்றார். மகள் ஐஸாவும் குழுவில் இருக்கிறாள். "அப்பா, நீங்க வண்டி மட்டும் ஓட்டுங்களேன்" என்றாள்.

ஜூன் 7, சனி

இலோய்லோ நகரத்தில் தன்னார்வக் கோச்சுகளுக்கு இலவச வகுப்பு. சாப்பாடு உண்டு என்றார்கள், முதல் ஆளாகப் போனேன். நடத்தியவர் மேம் டெல்ஃபா, பழைய ஆட்டக்காரி. என் பயிற்சி எப்படி என்று கேட்டார். ஒரு பந்து, ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு உதை, பிறகு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப மத்த நேரம் பிள்ளைங்க என்ன பண்ணுது, கோச்?"

"ஒழுங்கா நிக்குதுங்க, மேம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியக் கொஞ்சம் நேரமானது.

வரிசை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், ஆடவிடு, அவர்களே கண்டுபிடிக்கட்டும் — இதுதான் பாடம். அடுத்த சனிக்கிழமை மேம் வந்து பார்ப்பார். தேறினால் சான்றிதழ், கூடவே ஒரு பை நிறையப் பந்து. தேறாவிட்டால் திருவிழாப் போட்டியில் குழுவையே சேர்க்க மாட்டார்கள். தூக்கம் வருமா இனி?

ஜூன் 10, செவ்வாய்

மனைவி மாரிவிக் அரிசிச் சாக்கில் பழந்துணி திணித்துப் பதின்மூன்று பந்து தைத்துவிட்டாள். "உதைச்சா போகும். எங்க போகும்னு மட்டும் கேக்காத" என்றாள்.

ஆளுக்கொரு பந்து! மைதானமே கோழிக்கூட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஆனது. ஆனால் என் வாய்? ஒரு நிமிடம்கூட மூடவில்லை. இடது, வலது, ஓடு, நில் — எல்லாம் நானே.

ஜூன் 13, வெள்ளி

எதிர்வீட்டு ரூபனுக்குப் பிறந்தநாள். வீடியோக்கே வைத்திருந்தார்கள், திரையில் வரி பார்த்துப் பாடினால் மார்க் போடும் பாட்டுப் பெட்டி. ஒரு பாட்டு என்றுதான் மைக்கைத் தொட்டேன்.

ஜூன் 14, சனி

குரல் போச்சு. சுத்தமா போச்சு. இன்னிக்குப் பார்த்தா போகணும்? இஞ்சித் தண்ணீர் குடித்தும் வெறும் காற்றுதான் வந்தது. மாரிவிக் சொன்னாள்: "அந்தப் பெட்டி உனக்கு நூத்துக்கு நூறு போட்டுச்சுல்ல, அதையே மேம்கிட்ட காட்டு."

மேம் மர நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் கையை ஆட்டினேன், குதித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் ஐஸா, "கோச் ஊமையாயிட்டாரு, நாமளே ஆள் பிரிச்சுக்கலாம் வாங்கடி" என்றாள்.

பிரித்துக்கொண்டார்கள். சண்டை போட்டார்கள். சமாதானமாகி ஆடினார்கள். அணியின் பொடிசு ஜெனலின் கோல் போட்டாள்! கத்த வாயைத் திறந்தேன் — காற்று.

மேம் எழுந்து வந்தார். என் குரல் போன கதையை ஐஸா அவரிடம் முன்பே போட்டு உடைத்திருந்தாள். "நல்ல பயிற்சி, கோச். பாதி மார்க் வீடியோக்கேக்குத்தான். குரல் வந்தப்புறம் ஒருநாள் சொல்லாம வருவேன். அன்னிக்கும் இப்படியே இருந்தாத்தான் கையெழுத்து."

ஜூன் 17, செவ்வாய்

குரல் வந்துவிட்டது. இனிமேல்தான் கஷ்டம்.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். ஜெனலின் பந்தைத் தன் பக்கக் கோலை நோக்கியே ஓட்டிப் போகிறாள்! கழுத்திலிருந்த துண்டை வாயில் திணித்துக் கடித்தேன். இன்னும் நாலு அடிதான். நின்றாள். சுற்றிப் பார்த்தாள். தானே திரும்பி எதிர்ப்பக்கம் பறந்தாள்!

ஆட்டம் முடிந்த பிறகுதான் வேலிக்கு வெளியே குடையோடு நின்ற மேமைப் பார்த்தேன். சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். பையையும் கொடுத்தார். புதுப் பந்துகள், ரப்பர் வாசனையோடு.

பிள்ளைகள் பந்துகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் நெருக்கியடித்து ஏறினார்கள். ஐஸா பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பா, ஆட்டம் நடக்குறப்ப எங்க போயிட்டீங்க? ஆளையே காணோம்."

அங்கேதான் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டியைக் கிளப்பினேன்.