லேனாவைச் சுற்றி விட்ட புல்

1931 செப்டம்பர் 4

கோதுமை விலை படுத்துவிட்டது. கூடுதலாக விதைத்தால்தான் பிழைக்க முடியும். மேற்கே மேய்ச்சல் நிலம் ஒன்றுதான் உழாமல் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் எமிலுக்கு மனமில்லை.

"அங்க நம்ம லேனா இருக்கா ஹுல்டா. புல்லு இருக்கட்டும்."

"புல்லத் தின்னா பசியாறுமா? பிள்ளையச் சுத்திக் கொஞ்சம் விட்டுட்டு உழுங்க."

என் வாய்க்கு முன்னால் அவர் எங்கே நிற்பது.

செப்டம்பர் 11

உழுதாயிற்று. தட்டுக் கலப்பையின் வட்டத் தகடுகள் மண்ணை மாவாக்கிவிட்டன. லேனாவின் சமாதியைச் சுற்றி ஒரு கட்டில் அளவுக்குப் புல் விட்டிருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

1932 ஜூலை 2

மழை இல்லை.

1933 மார்ச் 20

இந்த விதைப்பும் முளைக்கவில்லை. ஓயாத காற்று. ஜன்னலில் ஈரத்துணி கட்டியும் புழுதி வருகிறது. தட்டுகளைக் கவிழ்த்தே வைக்கிறோம், சோறு போடும்போதுதான் நிமிர்த்துவது. பக்கத்து நிலத்து ஆர்வில் வந்தார்.

"நம்ம ஓக்லஹோமாவப் பாக்கணும்னா இனி டெக்சாஸுக்குத்தான் போகணும் தங்கச்சி. என் நிலம் காத்துல ஏறி எனக்கு முன்னாடியே அங்க குடி போயிருச்சு."

சிரித்தேன். அவர் போனதும் அழுதேன்.

1934 மே 12

காற்று மண்ணை வாரிக்கொண்டு போக, வயல் தாழ்ந்துகொண்டே போகிறது. லேனாவின் புல்திட்டு மட்டும் மேசை போல நிற்கிறது, என் இடுப்பு உயரம். அந்தப் புல்லும் காய்ந்து ஓரமெல்லாம் உதிர்கிறது. அவளைப் புதைத்தது உறைபனிக் காலம், ஆழமாகத் தோண்ட முடியவில்லை. ஈரச் சாக்குப் போர்த்திக் கல் அடுக்கிவிட்டு வந்தேன்.

மே 13

சாக்கைக் காணோம்.

1935 ஏப்ரல் 15

நேற்று ஞாயிறு மாலை கரும்புழுதிக் காற்று. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. விடிந்ததும் இருவரும் ஓடினோம். திட்டில் பாதி இல்லை. பெட்டியின் மூலை தெரிகிறது — எமில் இழைத்த பலகை.

ஐயோ என் கண்ணே, என்ன காரியம் பண்ணிட்டேன்? மாட்டுக்காவது ஆகியிருக்குமே அந்தப் புல்லு!

ஏப்ரல் 17

லேனாவை ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தோம். வண்டியை நான் ஓட்டினேன். எமில் பெட்டியை மடியில் வைத்திருந்தார். திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான உழச் சொன்னேன்? ஒரு வார்த்த திட்டுங்களேன்."

"கலப்பைய ஓட்டுனது நான்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.