இருபத்தாறு வருஷம், இரண்டு வரி

3 மார்ச் 2025
வார்டு ஆபீஸில் என் ஜன்னலில் ஒரு டேப்லெட்டை வைத்துவிட்டார்கள். தண்ணீர்ப் புகாரைத் தமிழில் சொன்னால் ஏஐ அப்படியே மராத்தியில் எழுதிவிடுமாம். இருபத்தாறு வருஷமாக அதுதானே என் வேலை? அப்புறம் நான் எதற்கு? ரெக்கார்டு ரூமில் ஒரு நாற்காலி காலியாம். பியூன் சொல்கிறான்.

7 மார்ச்
சண்முகவடிவு புகார் சொல்ல வந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்போடு சரி, பேச்செல்லாம் டேப்லெட்டிடம். "ஒங்களுக்கு எதுக்குக்கா செரமம்?" என்றாள்.

முன்னெல்லாம் ஜன்னல் திறக்குமுன்னே பாதி தாராவி வரிசையில் நிற்கும். "ஜெயசீலிக்கா எழுதுனா தண்ணி வரும்" என்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததில் ஆரம்பித்துக் கடைசியில்தான் குழாய்க்கு வருவார்கள். "செரி செரி, தண்ணி வரல, அவ்வளவுதான?" என்று இரண்டே வரியில் எழுதி முடிப்பேன். கிறிஸ்துமஸுக்கு நான் முறுக்கு கொடுத்தால் பொங்கலுக்குக் கரும்பு வரும். என்ன நாட்கள் அவை!

8 மார்ச்
லீவு. 1999இல் முதல் நாள் ஞாபகம். ஒரு வரி மராத்தியை நாலு தடவை அடித்து அடித்து எழுதினேன். ஒரு அம்மா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பேச்சக் கேக்க ஒரு பிள்ள வந்துட்டா" என்றாள்.

12 மார்ச்
இஞ்சினியர் கதம் சாகிப் ஒரு தாளோடு வந்தார். வெயிலுமுத்து அண்ணனின் புகார், ஒன்றரைப் பக்கம்! மெஷின் ஒரு வார்த்தை விடவில்லை. மாட்டிக்கொண்டது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டினார்கள், மறுநாளிலிருந்து தண்ணீரில் சாக்கடை நாற்றம், பேத்திக்கு வயிற்றுப்போக்கு — எல்லாம் அதில் இருந்தது. அந்தக் குழியில்தான் பைப் உடைந்திருந்ததாம்.

"பஹ்லே க்யோ நஹி லிகா, மேடம்?" முன்னாலேயே ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

ஜனவரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதே வெயிலுமுத்து, என் கையெழுத்து. 'தண்ணீரில் நாற்றம். பார்க்கவும்.' அன்றைக்கும் அண்ணன் கல்யாணக் கதையோடுதான் வந்தார். "கதையெல்லாம் வேண்டாம்ணே" என்று நான்தான் நிறுத்தினேன். இரண்டு மாசம்! அந்தப் பிள்ளை அதைத்தான் குடிச்சிருக்கா. கர்த்தரே, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?

13 மார்ச்
அண்ணன் வீட்டுக்குப் போனேன். பேத்தி தேறிவிட்டாள். "நான்தான் சரியா எழுதலண்ணே" என்றேன். "விடு தாயி, அன்னைக்கு ஒனக்கு எம்புட்டுக் கூட்டம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

2 ஏப்ரல்
ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பவில்லை, ஜன்னல் எனக்கே. டேப்லெட் எழுதுவதைப் படித்து, இஞ்சினியருக்கு வேண்டிய இடத்தில் கோடு போட்டு அனுப்புகிறேன். இப்போது கேட்பதற்கு நேரம் இருக்கிறது.

இன்று பிரேமலதா நாத்தனார் சண்டையில் ஆரம்பித்தாள். பதினோரு நிமிஷம். வரிசை முணுமுணுத்தது. அவளுக்கே வெட்கமாகி நிறுத்திவிட்டாள்.

"பொறவு?" என்று கேட்டேன்.