இந்த முறை லொரெய்னிடம் சொல்லியிருக்கிறேன்

காலின்,

நானும் தங்கை டெல்லாவும் சிம்ப்சன் பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டோம். ஆட்டுக்கறிக் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் என் அழைப்பு வராவிட்டால் போலீசுக்குச் சொல்லும் பொறுப்பை இந்த முறை பக்கத்து வீட்டு லொரெய்னிடம் கொடுத்திருக்கிறேன். வழியை எழுதிய தாளும் அவளிடம்தான்.

"ஏன், வீட்ல உன் புருஷன் இருக்காரே?" என்றாள்.

"இருக்காரு. போன வருஷம் போன் செத்து, வண்டி மணல்ல புதைஞ்சு, ரெண்டு நாள் சொட்டுத் தண்ணிய எண்ணிக் குடிச்சோம். ஏன் யாருக்கும் சொல்லலைன்னு கேட்டா, 'நீ கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்டி'ன்னாரு."

அவள் சிரிக்கவில்லை.

ரூத்

பி.கு.: நாய்க்கு வேளைக்குச் சாப்பாடு வை. பசித்தால் அது குரைக்கும். கோபமோ என்று உனக்குச் சந்தேகம் வராது.