ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

நைனா,

இன்றும் அலாரம் அடித்தது. இங்கிலாந்தில், இந்த லீட்ஸ் நகரில், இன்னும் விடியவில்லை. இருட்டில் கைப்பேசி மட்டும் ஒளிர்ந்தது. அதில் 'சபை' என்ற சொல். ஞாயிறுதோறும் அடிக்கட்டும் என்று என்றோ வைத்தது. இனி அதற்கு வேலையில்லை. நீ போன பிறகும் அதை நான் அழிக்கவில்லை.

"நம்ம ஊர்ல சபை கூடறப்போ அங்க நடுராத்திரியா?" என்று ஒருமுறை கேட்டாய். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். சனிக்கிழமை இரவு உணவகத்தில் தட்டு கழுவிவிட்டு வந்து படுப்பேன். உடம்பு சூடேறுவதற்குள் எழ வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் சிமெண்டுத் தகடு வேய்ந்த நம் சபைக்கூடத்தில், பாஸ்டர் புதிதாக மாட்டிய பெரிய டிவியில், என் முகம் வர வேண்டும்.

"பனி தெரியுதாம்மா? போனை ஜன்னல் பக்கம் திருப்பு. அந்தக் கோட்டையும் போட்டுக்கோ" என்பார் பாஸ்டர்.

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்ல வேண்டும்; சாட்சி என்று அதற்குப் பெயர். பனி பெய்யாத வாரம் சாட்சி கொஞ்சம் மட்டம். உபவாசம் இருந்தால் உங்கள் பிள்ளைகளையும் ஆண்டவர் விமானம் ஏற்றுவார் என்று பாஸ்டர் முடித்து வைப்பார். அரிசி ஆலையில் நீ சுமந்த மூட்டைகள் அதில் வராது. நான் எழுதிய தேர்வுகளும் வராது. அந்தக் கூடத்துக்குப் பாய் விரிப்பது உன் பொறுப்பு. விரித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாய்.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது. பல்கலைக்கழக ஜெபக்குழுவில் மெத்தை நாற்காலி, பிஸ்கட், கிட்டார். அவர்களுக்கும் என்னிடம் வேண்டியது கதைதான். குடிசை, பசி, பிறகு இயேசு. எங்களுடையது ஓட்டு வீடு என்றதும் ஒருத்தியின் முகம் வாடிவிட்டது.

உன் ஜெபம் எனக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுத்து, "ஆண்டவரே, பாத்துக்கோ." அடுத்த மூச்சில் குறட்டை.

ஒரு ஞாயிறு, சாட்சி சொல்ல வந்தவள் திரையிலேயே தூங்கிப்போனேன். அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "பிசாசு தூக்கத்த குடுக்குது, எல்லாரும் கைய நீட்டுங்கன்னாரு பாஸ்டரு. அத்தினி பேரும் டிவிய பாத்து கைய நீட்டிக்கினு கத்தறாங்கடி. நீ இன்னாடான்னா வாயத் தொறந்துக்கினு எச்சி வுட்டுக்கினு கீற."

அந்தக் கத்தல் என்னை எழுப்பவில்லை. அது நின்றதுதான் எழுப்பியது. நீ போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தாய். பாஸ்டரின் போன் மட்டும் என்னோடு இணைப்பில் இருந்தது. கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே இது? ஆண்டவரோட வேலைய நிறுத்தறீங்க?"

"கொயந்த தூங்கிக்கினு கீது பாஸ்டர். ஆண்டவரே புயல்ல படவுல தலகாணி வச்சிக்கினு தூங்கனவருதான? எயுப்பனவங்களத்தான திட்னாரு?"

யாரோ சிரித்தார்கள். பிளக்கைப் பிடுங்கியதைக்கூட பாஸ்டர் மன்னித்திருப்பார். அந்தச் சிரிப்பை மன்னிக்க அவரிடம் வசனம் இல்லை. அடுத்த வாரம் பாய் விரிக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. நீ வாசலோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாய். ஒரு வாரமும் தவறவில்லை. "சபை இன்னா அவரு வூடா?" என்றாய்.

ஆலையில் நீ மூட்டையோடு சரிந்தபோது என் விசா நீட்டிப்பு பாதியில் நின்றிருந்தது. கிளம்பினால் விண்ணப்பம் செல்லாது, படிப்பும் போய்விடும் என்றார்கள். அம்மாதான் வராதே என்றாள்.

உன் குழியருகே நின்றபடி பாஸ்டர் என்னைப் போனில் அழைத்தார்.

"நைனா கடைசில மனந்திரும்பிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. ஸ்பீக்கர்ல போடறேன். ஜனங்க கேட்டாப் போதும், நான் ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணிடறேன்."

சொல்லாவிட்டால் ஜெபம் இல்லை. பின்னால் அம்மாவின் அழுகை கேட்டது. உன்னைச் சுமந்து வந்தவர்கள் காத்திருந்தார்கள். சாவிலும் அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. பனிகூடக் கேட்கவில்லை, பெருந்தன்மை.

"எங்க நைனா அன்னைக்கு செஞ்சதுதான் சரி," என்றேன். "மனந்திரும்பறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. பிறகு நானே துண்டித்தேன்.

மறுநாள் அம்மா சொன்னாள். "வேதத்த மூடிக்கினு போயிட்டாரு. ஆலையில கூட வேல செய்றவங்கதான் பாட்டு பாடனாங்க. ராகமே இல்ல. 'ஆண்டவரே, பாத்துக்கோ'ன்னு நானே சொல்லி மண்ணு போட்டேன்."

சபைக்கூடத்து டிவியில் இப்போது கனடா போன பையன் ஒருவன் வருகிறானாம். அங்கே பனி இன்னும் அதிகமாம். சபை செழிக்கிறது.

எனக்கு இந்த அலாரம் போதும். அணைப்பதற்காகவே வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறது; போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அதன் வாயை மூடுகிறேன். பிறகு ஒருக்களித்துப் படுத்து உன் ஜெபத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன்.