மதியம் அணையும் கேமரா

என்னங்க,

சோறு மேசைமேல மூடியிருக்கு. நாலு மணிக்குக் கார் கேமரா மாட்டுறவர் வருவார், எங்கயும் கிளம்பிடாதீங்க. வெயில் சூட்டுல பழசு தினமும் மதியம் ஒன்றரை மணி நேரம் அணைஞ்சுடுதுன்னீங்களே, அவர்கிட்ட கேட்டேன். பேட்டரி வெச்ச கேமராதான் சூட்டுல படுத்துடுமாம். கெப்பாசிட்டர் வெச்சது எந்த வெயிலையும் தாங்குமாம். அதையே மாட்டச் சொல்லிட்டேன். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாது.

கார் சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு.

பி.கு. பழைய கேமரா கார்டைப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்துலதான் அணைஞ்சிருக்கு. அணையறதுக்கு முன்னாடி கடைசிப் படத்துல கொட்டுற மழை, வைப்பர் ஓடுது.

மொதல்ல சாப்பிடுங்க. அந்த மழையில எந்த வெயில் சுட்டுச்சுன்னு அப்புறம் இதுக்குக் கீழயே எழுதி வைங்க. இடம் விட்டிருக்கேன்.