டிபன் மாமாவும் அமலா ஆன்ட்டியும் ஒருவரே எனச் சான்று கோரும் மனு

இந்த மனுவைத் தயவுசெய்து வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். அலுவலகங்களில் மனுவைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பதிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டேன். இதை மட்டும் மனதுக்குள் படிக்கும்படி முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்புநர்
சி. ரஞ்சனி, த/பெ. சிவசங்கர்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
படப்பை.
(கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் பத்தி 9இல்.)

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: இருங்காட்டுக்கோட்டை லோக்கல் கேபிள் சேனலில் முன்பு ஒளிபரப்பான, பெயர் தெரியாத கார்ட்டூன் – அதில் வரும் டிபன் மாமா என்பவர் உண்மையாகவே இருந்தார் – அவரும் திருமதி அமலா அவர்களும் ஒருவரே எனச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இல்லை. (இது சம்பந்தமாக எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அம்மாவாக இருந்தால், ஐயா என்று வரும் இடங்களில் அம்மா என்று படித்துக்கொள்ளவும். தமிழ் மிஸ் கொடுத்த மாதிரியில் ஐயா மட்டும்தான் இருந்தது.

1. நான் இப்போது வசிப்பது படப்பை. அது வேறு வட்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிபன் மாமா இருந்தது தங்கள் வட்டத்தில். நான் ஒன்றாவது, இரண்டாவது படித்த காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி, அம்மாவுக்கு அங்கேயே ஒரு கம்பெனி. இரண்டு பேருக்கும் ஷிப்ட். எங்கள் வரிசையில் எல்லா வீடும் அப்படித்தான். மாலையானால் அங்கே பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளும் டிவியும் மட்டும் இருப்போம்.

2. எங்களுக்குக் கேபிள் கொடுத்தவர் யாக்கோபு அங்கிள். காதுகுத்து, தேர்த் திருவிழா, ஜவுளிக்கடை விளம்பரம் போடுவதற்கு அவரிடம் சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. பக்கத்தில் குடியிருந்த ஒரு கொரிய இன்ஜினீயர் குடும்பம் தங்கள் நாட்டுக்குத் திரும்பியபோது, மின்விசிறி, குப்பைக் கூடை, பூந்தொட்டி ஆகியவற்றோடு ஒரு பெட்டி நிறைய டிவிடிகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் பாதி ஓடவில்லை. ஓடியதில்தான் இந்தக் கார்ட்டூன் இருந்தது. பெயர் அட்டையில் அச்சிட்டிருந்தது. ஆனால் கொரிய எழுத்து என்பதால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் இல்லை.

3. கார்ட்டூனில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பிராணி வரும். கீரிக்கும் பூனைக்கும் நடுவில் ஒரு முகம். என்ன பிராணி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடுப்பில் ஒரு தகர டப்பா தொங்கும். யாக்கோபு அங்கிளின் மனைவி அமலா ஆன்ட்டி, படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு, சர்ச்சில் பழையதென்று ஒதுக்கிய மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட அவரே எல்லாருக்கும் பேசுவார். அவருக்கும் கொரிய மொழி தெரியாது. பார்த்து ஊகித்துத்தான் பேசுவார். டப்பா வைத்திருந்ததால் அந்தப் பிராணி டிபன் மாமா ஆனது. எப்போது பார்த்தாலும் கத்திக்கொண்டிருந்த வாத்து சூப்பர்வைசர் ஆனது.

"இன்னா டிபனு, லைன் நின்னுகினு கீது, நீ மழைய வேடிக்க பாத்துகினு கீற?" என்று வாத்து கேட்கும்.

"மழ வுட்டதும் வரேன் சார். கோட்டு புச்சு, நனைஞ்சிடும்" என்பார் டிபன் மாமா.

மழைக்கோட்டை நனையாமல் பார்த்துக்கொள்வது என்னும் பழக்கம் எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்கு அவரிடமிருந்துதான் வந்தது.

4. ஓடிய டிவிடிகள் குறைவு என்பதால் அதே படம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் முன்பு என்ன பேசினோம் என்பது அமலா ஆன்ட்டிக்கு நினைவிருக்காது. ஆகவே திங்கட்கிழமை டிபன் மாமாவின் தங்கை கல்யாணமாக இருந்த படம், வியாழக்கிழமை பஞ்சாயத்துத் தேர்தலாக இருக்கும். நாங்கள் இரண்டையும் நம்பினோம். மைக் இருந்தது அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில். நடுவில் குக்கர் விசில் அடித்தால், "அதோ ட்ரெயின் போவுது" என்று டிபன் மாமா சொல்லிவிடுவார். கார்ட்டூனில் வரும் காட்டில் தண்டவாளமே கிடையாது. ஆனால் மூன்று ட்ரெயின் போனதும் படம் முடிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

5. இந்தப் பத்திதான் முக்கியமானது. அந்தக் காலத்தில் அம்மாவுக்குக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை போட்டால் எங்களிடம் சொல்ல வழியில்லை. ஆனால் டிபன் மாமா சொல்லிவிடுவார். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டு, டிவிக்குள்ளிருந்து நேராக எங்களைப் பார்ப்பார். ஓ.டி.க்கு நின்றவர்களின் பெயரை பஸ் டிரைவர்தான் யாக்கோபு அங்கிள் வீட்டு வாசலில் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று இப்போது ஊகிக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. டிபன் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சசிரேகா பொண்ணு ரஞ்சனி, உங்கம்மா இன்னிக்கு ஓ.டி. சோறு குண்டான்ல கீது, துன்னுட்டு தாப்பா போட்டுக்கோ. மூணு தட்டு, கேப்பு வுட்டு ஒண்ணு. அதான் உங்கம்மா. வேற யாரு தட்னாலும் நீ வூட்லயே இல்ல."

படத்தின் முடிவில் அவர் தன் வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவார். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. உடனே உள்ளே விளக்கு எரியும்.

6. செட்டாப் பெட்டி வைத்துத்தான் டிவி பார்க்க வேண்டும் என்று ஆனபோது யாக்கோபு அங்கிளின் சேனல் நின்றது. நாங்களும் படப்பைக்கு வந்துவிட்டோம். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கு மனநல ஆலோசகர் மேடம் வந்திருந்தார். மிகவும் அன்பானவர். பொதுத்தேர்வுப் பயம் போவதற்காக, சின்ன வயதில் பிடித்த கார்ட்டூனைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னார்கள். நான் டிபன் மாமாவைச் சொன்னேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சாப்பிடச் சொல்வார், யார் தட்டினால் கதவைத் திறக்கலாம் என்று சொல்வார், நான் அப்படியே செய்வேன் என்றேன். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இப்பவும் பேசறாராம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மேடம். டென்த்துன்னு எங்க வூட்ல கேபிள கட் பண்ணிட்டாங்க" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது வகுப்பு சிரித்தபோது தெரிந்தது. மேடம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

7. வருகிற புதன்கிழமை அம்மா பள்ளிக்கு வர வேண்டும், அதன்பின் என்னை மனநல மருத்துவரிடம் காட்டிக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். உங்கம்மாவிடம் நானே போனில் பேசுகிறேன் என்றும் இன்று சொன்னார். நான் பொய் சொல்லவில்லை, எனக்குப் பிரமையும் இல்லை என்று காட்ட நான் எடுத்த முயற்சிகள் பின்வருமாறு.

முதல் சாட்சி, வசந்தகுமார். அதே வரிசையில் மூன்றாவது வீட்டில் இருந்தவன், இப்போது என் வகுப்பிலேயே படிக்கிறான். அப்படி எதுவும் பார்த்ததாக ஞாபகமில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். காரணம் எனக்குத் தெரியும். "வசந்தகுமாரு, ஈரம் பண்ண பாயை சுருட்டி வெக்காத, மாடில காய போடு" என்று டிபன் மாமா ஒருநாள் ஊருக்கே சொல்லிவிட்டார். இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவன் காது சிவந்ததை மட்டும் தாங்கள் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கவும்.

இரண்டாவது, அப்பாவின் போன். மஞ்சள் மழைக்கோட்டுப் பிராணி என்று எத்தனையோ விதமாகத் தேடினேன். மழைக்கோட்டு விற்கிறவர்கள்தான் வந்தார்கள். கிடைத்தாலும் பயனில்லை. அது கொரிய மொழியில் பேசும். என்னைத் தெரியாது என்றுவிடும்.

மூன்றாவது, யாக்கோபு அங்கிள். அவர் தண்டலத்தில் சிசிடிவி கேமரா மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருப்பதாக அறிந்து, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கடையில் இருந்த எல்லா டிவியிலும் நானே பயந்துகொண்டு நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர், "டிபனாவது மாமாவாவது. அப்டி ஒண்ணும் நான் போடல. யாரும்மா உன்ன அனுப்பிச்சது?" என்று கேட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறர் படத்தைக் கேட்காமல் போட்டதற்குக் கேஸ் வரும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி இருக்க வேண்டும். அமலா ஆன்ட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மகள் பிரசவத்துக்கு ஓசூர் போய்விட்டதாகச் சொன்னார். அப்போது கடைக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ட்ரெயின் என்று சொல்லவில்லை. ஓசூரில் இருப்பவர் வீட்டில் குக்கர் வைத்தது யார் என்று நான் கேட்கவும் இல்லை. பெரியவர்களை அப்படிக் கேட்கக் கூடாது.

8. அம்மாவையே கேட்டால் என்ன என்று தாங்கள் நினைக்கலாம். அம்மா அந்தக் கார்ட்டூனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா வீட்டில் இல்லாத நேரத்துக்காக வந்த கார்ட்டூன் அது. ஓ.டி. முடிந்து வந்து அம்மா மூன்றும் ஒன்றுமாகத்தான் தட்டினார் என்று எனக்கு நினைவு. ஆனால் அது பாதித் தூக்கத்தில் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்த நினைவு. வகுப்பில் எல்லாரும் சிரித்த பிறகு, அதையும் நானாகச் சேர்த்துக்கொண்டேனோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டில் குருவி மாதிரி கத்தும் காலிங் பெல் இருக்கிறது. யாரும் கதவைத் தட்டுவதே இல்லை. நான் போய்க் கேட்டு, "எந்த டிபன் மாமா?" என்று அம்மா திருப்பிக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு உலகத்தில் என்னைத் தவிர அவருக்கு ஆளே இல்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் ஐயா எனக்குப் பயம். டாக்டருக்குக்கூட அவ்வளவு இல்லை.

அதோடு, பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு ஓ.டி. பார்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொள்வார். அப்படி இல்லை என்பதைச் சான்றில் ஒரு வரியாகச் சேர்க்க முடிந்தால் நல்லது. நான் தனியாக இருக்கவில்லை. டிபன் மாமா இருந்தார்.

9. இன்று அம்மா வேலை முடிந்து வந்ததிலிருந்து என்னைத் திட்டவில்லை. தன் தட்டில் இருந்த முட்டையையும் எனக்கு வைத்தார். "படிச்சது போதும், படு" என்றார். பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் எந்த அம்மாவும் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஷிப்டில் போன் லாக்கரில் இருப்பதால் வகுப்பாசிரியையின் அழைப்பு போயிருக்காது என்று நம்புகிறேன். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா கூடத்தில் படுத்திருக்கிறார். நான் உள்ளறையைத் தாழ் போட்டு, வெளிச்சம் போகாதபடி கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தபால் வந்தால் அம்மா கையில்தான் கிடைக்கும். அதனால்தான் விலாசம் எழுதவில்லை. சான்றை நான் பள்ளி விட்டதும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அலுவலகத்தைப் பூட்டிவிட்டால் வாசலில் நிற்பேன்.

10. ரேஷன் கார்டில் சங்கர் என்றும் ஆதாரில் சிவசங்கர் என்றும் இருந்ததால், இருவரும் ஒருவரே என்று அப்பாவுக்கு ஒரு சான்று வாங்கினோம். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே அப்பா ஒரே அப்பாதான் என்பதற்கே முத்திரை தேவைப்படும்போது, டிபன் மாமா விஷயத்தில் என் வாய்வார்த்தை செல்லாது என்பது எனக்கும் புரிகிறது. ஆகவே கனம் ஐயா அவர்களிடம் நான் பணிவுடன் வேண்டுவது:

(அ) இருங்காட்டுக்கோட்டையில் டிபன் மாமா என்பவர் டிவியில் இருந்தார் என்றும், அவரும் திருமதி அமலா அவர்களும் ஒருவரே என்றும் புதன்கிழமைக்குள் சான்று வழங்க வேண்டும்.

(ஆ) அதை வைத்து யாக்கோபு அங்கிள் மீதோ அமலா ஆன்ட்டி மீதோ எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. படம் கொரியாக்காரருடையது. ஆனால் பேச்சு முழுவதும் ஆன்ட்டியுடையது. விசாரிக்க ஆள் போனால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். குக்கர் விசில் அடிக்கும்வரை கொஞ்சம் காத்திருக்கச் சொல்லவும்.

(இ) வசந்தகுமாரின் பாய் பற்றிச் சான்றில் எதுவும் வரக் கூடாது.

(அ) முடியாவிட்டால் (ஆ), (இ) இரண்டையாவது செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: படப்பை
நாள்: வெள்ளிக்கிழமை, இரவு

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்

ஐயா, உள்ளறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது.

மூன்று.

கேப்பு.

ஒன்று