ரசத்துக்கு ஒன்பது கிராம்

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நடந்தது நடந்தபடி எழுதப்படும். எனக்குச் சாதகமில்லாததும் சேர்த்து. பவித்ரா, ஒன்பதாம் வகுப்பு, இதற்குப் பொறுப்பு.

காலையிலிருந்து காற்று. கொடியில் ஒரு துணியும் நிற்கவில்லை. என் பள்ளிச் சட்டை வீட்டுக்கார வசந்தா பெரியம்மாவின் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது.

விஷயம் இதுதான். அம்மா தைக்கும் பனியன் கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசராக வரச் சொல்கிறார்கள். பதினோரு வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். இனி வரிசையாக உட்கார்ந்து தைக்கும் மொத்த லைனையும் நின்று பார்க்கும் வேலை. ஆனால் வீடு திரும்ப எட்டரை ஆகும். இப்போது ஆறு மணிக்கு வந்துவிடுகிறாள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

காலைச் சாப்பாட்டில் நடந்த பேச்சு:

அம்மா: "வேண்டாம்னு சொல்லிரலாம்னு பாக்கேன். ராத்திரிச் சோத்துக்குப் பிள்ளைக என்ன செய்யும்?"

அப்பா: "நான் ஏழு மணிக்கு வந்துருவேன்லா. நான் வைக்கேன்."

அம்மா: "நீங்க வச்ச சாம்பார ஒருக்கா தின்னோம்லா. போதும்."

நான்: "நான் செய்றேன்."

ஜோதி (தங்கை, இரண்டாம் வகுப்பு, எந்தச் சாப்பாட்டிலும் குறை கண்டுபிடிப்பவள்): "ஐயோ."

முடிவு: திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து ராத்திரி நான் சமைப்பது. நிஜம் போலவே இருக்க, அம்மா இந்த வாரம் ஓவர்டைம் பார்த்து எட்டரைக்கு வருவாள். ஐந்து சாம்பிள். ஜோதியின் தட்டு காலியானால் அப்ரூவல். மிச்சம் வைத்தால் ரிஜெக்ட்.

"ரெண்டு ரிஜெக்ட் வந்தா ஆர்டர் கேன்சல்" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

எனக்குப் பயமில்லை. என்னிடம் தராசு இருக்கிறது. அப்பாவுக்குத் துணி செக்கிங் வேலை. துணியில் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டு, கனம் சரியா என்று பார்க்கும் சின்னத் தராசு. கம்பெனிக்குப் புதியது வந்ததும் பழையதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஐந்நூறு கிராம்வரை தாங்கும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும். அவை எனக்குத் தேவையில்லை.

அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "கண்ணளவுதான்டி" என்பாள். கண்ணளவை நோட்டில் எழுத முடியாது. அதனால் ஒன்பது நாளாக, அவள் ரசம் வைக்கும் முன் டப்பாக்களை எடை போட்டேன். ரசம் இறக்கியதும் மறுபடி. கழித்தால் வருவது அம்மாவின் கை. இது ஜோதிக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்காமலிருக்க என் பென்சில் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா சமைத்தால் ராத்திரி ரசம் தினமும் உண்டு. நான்கு பேருக்கு:
புளி 20 கிராம். தக்காளி இரண்டு.
மிளகு 4, சீரகம் 3. பூண்டு ஆறு பல், தோலோடு தட்டியது.
உப்பு: 9, 9, 10, 9, 13, 9, 8, 14, 9.

13, 14 இரண்டையும் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் அப்பா இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். அம்மா களைத்துப்போனால் உப்பு கூடுகிறது என்று நினைக்கிறேன். அதனால் அளவு: ஒன்பது.

ஜூலை 7, திங்கள்

காற்று குறையவில்லை. கணக்கு டெஸ்ட் சுலபம்.

முதல் சாம்பிள். சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். எல்லாம் எடை போட்டு. ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கூடும்போதே இறக்க வேண்டும். இதைத் தராசு சொல்லாது, பார்த்துத் தெரிந்துகொண்டது. கிழங்கு வெந்ததும் நீரை வடித்து, ஆறவைத்து, பிறகுதான் எண்ணெயில். சூட்டோடு போட்டால் குழையும்.

எட்டரைக்கு அம்மா. பஞ்சுத் தூசி தலையில். கை கழுவி உட்கார்ந்தாள்.

ஜோதி இரண்டாம் முறை ரசம் கேட்டாள். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பாராட்டு வரும் என்று. அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு "அப்ரூவல்" என்றாள். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

அது ஏன் என்று தெரியவில்லை. உண்மையை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்: எனக்கு வெற்றி மாதிரி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

அரிசியும் பருப்பும் சாதம். இந்த ஊர்ச் சாப்பாடு; நாங்கள் வந்த தெற்குப் பக்கம் கிடையாது. அம்மாவின் கையில் இல்லாததைச் செய்துபார்க்கலாம் என்று தோன்றியது. குழாயடியில் வசந்தா பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அதென்னொ பெரிய வித்தையா கண்ணு? ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொவரம்பருப்பு. சின்ன வெங்காயம் நெறையாப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத. மூணு விசிலு. நெய்யி ஊத்தாம எறக்குனீன்னா எங்கூட்டுப் பேரச் சொல்லாத."

சி.வெ. 20, பூண்டு 8, தக்காளி 1, மிளகும் சீரகமும் பொடித்தது, மஞ்சள் தூள் கொஞ்சம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். அப்பளம் ஜோதி எண்ணி எடுத்தாள், தனக்கு மூன்று. மிளகு ரசம் கூடவே.

அப்பா மூன்று முறை வாங்கினார். அம்மா இன்று முழுத் தட்டும் சாப்பிட்டாள். "பக்கத்துக் கம்பெனி டிசைன காப்பி அடிச்சிட்டியேட்டி" என்று சிரித்தாள். அப்ரூவல். இரண்டுக்கு இரண்டு.

ஜூலை 9, புதன்

ரிஜெக்ட்.

சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குருமா. குருமாவை அடுப்பில் வைத்துவிட்டு நூலகப் புத்தகத்தை எடுத்தேன். அத்தியாயம் முடிய நாலு பக்கம்தான். நாலு பக்கத்தில் அடிப்பிடித்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். வாசனை அவருக்கே முதலில் தெரிந்தது. "பவி! என்ன தீயுது?"

மேலாக எடுத்து வேறு சட்டியில் மாற்றினேன். புகை நாற்றம் போகவில்லை. தேங்காய்ப் பால் ஊற்றினேன். புகை நாற்றமடிக்கும் தேங்காய்ப் பால்.

சாதகமில்லாதது: உண்டியலைத் திறந்து, தூக்குவாளியோடு தெருமுக்குப் பரோட்டா கடைவரை போனேன். குருமா வாங்கி நம் சட்டியில் ஊற்றினால் யாருக்கும் தெரியாது. முன்னால் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் வாங்கும்வரை நின்றேன். பிறகு திரும்பிவிட்டேன். நல்லவள் என்பதால் அல்ல. அம்மா இதை நம்பி வேலைக்கு ஒப்புக்கொண்டு, பிறகு தினமும் ராத்திரி எரிந்த குருமா கிடைத்தால் அது அவளை ஏமாற்றியதாகும்.

ஜோதி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பஸ் புகை மாதிரி இருக்கு." தயிரும் பிரெட்டும் தின்றாள்.

அம்மா: "ஒண்ணு போச்சு."

புத்தகம் இனி அடுப்பறைக்குள் வராது. சட்டி தேய்த்தது முக்கால் மணி நேரம்.

ஜூலை 10, வியாழன்

தோசை, சின்ன வெங்காயச் சட்னி. வெங்காயத்தை நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, வரமிளகாய், துளி புளி. ஜோதி நாலு தோசை. அப்ரூவல்.

ஆனால் இன்று எழுத வேண்டியது தோசையை அல்ல.

நாலாவது தோசையில் ஜோதி உளறிவிட்டாள். "அம்மா, அக்கா உன் உப்பு டப்பாவத் தெனமும் எடை போட்டுட்டு இருந்தா. எனக்குப் பென்சில் பெட்டி குடுத்தா."

அம்மா கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். செக்கிங் டேபிளில் துணி பார்ப்பது மாதிரி, விரலை வைத்துக்கொண்டு.

"இதென்ன சுழிச்சி வச்சிருக்க?"

"உப்பு கூடின நாள். போன வாரம், ஒண்ணு செவ்வாய், ஒண்ணு வெள்ளி. நீ களைப்பா இருந்தியோன்னு."

"களைப்பு தெனமும்தான்டி."

நோட்டை மூடினாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், எங்களைப் பார்த்து அல்ல.

"செவ்வாக்கிழம புதுசா வந்த பிள்ள ஒண்ணு, ஒரு பண்டல் முழுக்க மாத்தித் தச்சிட்டா. சூப்பர்வைசர் லைனையே நிப்பாட்டி, அவள எந்திரிக்க வச்சி, எல்லார் முன்னாலயும் பேசுனான். பேச்சுன்னா பேச்சு. வெள்ளிக்கிழம வடக்க இருந்து வந்த பிள்ளைய. அவளுக்குப் பாஷயும் தெரியாது. திட்டுதான்னு மட்டும் தெரியும். தலையக் குனிஞ்சிக்கிட்டே நின்னா."

அப்பா: "நீ அப்படிப் பேச மாட்டியே."

"பேசலன்னா பீஸ் எறங்காது, வேல ஓடாதும்பாவ. அவன் நின்ன எடத்துலதான் என்ன நிக்கச் சொல்லுதாவ. அங்கன நின்னா நானும் கத்திருவேனோன்னுதான் இருக்கு."

யாரும் தோசையைத் தொடவில்லை.

ஆக, விஷயம் ராத்திரிச் சோறு அல்ல. நாலு நாளாக நான் வேறு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒருமுறை இப்படி ஆனது, வினாத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமல்.

ஜூலை 11, வெள்ளி

கடைசிச் சாம்பிள். தக்காளிச் சாதம், அவித்த முட்டை, ரசம். ஜோதிக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்தது. அப்ரூவல். மொத்தம் நாலு அப்ரூவல், ஒரு ரிஜெக்ட். கணக்குப்படி ஜெயித்தாயிற்று. ஆனால் வியாழனுக்குப் பிறகு அந்தக் கணக்கை யாரும் பேசவில்லை.

கம்பெனியில் நூல் வரவில்லை என்று அம்மா நாலு மணிக்கே வீட்டில். நான் முன்பே திட்டமிட்டிருந்த நெய் பிஸ்கட், நான்கட்டாய், இருந்தது. வசந்தா பெரியம்மா வீட்டில் மகன் வாங்கிக் கொடுத்த ஓவன். அவர் அதைத் தட்டு அடுக்கத்தான் வைத்திருக்கிறார்.

"தட்டத்தையெல்லா எடுத்துக் கீழ வெச்சுட்டு நீ போட்டுக்க சாமி. கரண்டு என்னத்தப் புடிக்குமோன்னு நான் அதத் தொடறதே இல்ல."

மைதா 250. பொடித்த சர்க்கரை 125. நெய் 125. ஏலக்காய் நாலு, சோடா உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் கூடாது; நெய்யிலேயே சேரும்வரை பிசைய வேண்டும்.

நானும் ஜோதியும் உருட்டினோம். ஒவ்வொன்றும் 20 கிராம் இருக்க வேண்டும். ஜோதி உருட்டியது ஒன்று எலுமிச்சை, ஒன்று கோலிக்குண்டு. சிறியது கருகும், பெரியது வேகாது. மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? கண்ணு எங்க இருக்கு?" வசந்தா பெரியம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஜோதி அழுதுகொண்டே உருட்டினாள். அது இன்னும் கோணல்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. வந்து, என் உருண்டை ஒன்றை எடுத்து ஜோதியின் இடது உள்ளங்கையில் வைத்தாள்.

"இதக் கைல வச்சிக்கோ. வலது கைல உருட்டு. ரெண்டு கையும் ஒரே கனமாத் தெரியுதான்னு பாரு. தெரிஞ்சா தட்டுல வையி."

அவ்வளவுதான். ஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உருட்டினாள். நான் தராசில் வைத்தேன். 20. 21. 20. 19. 20.

முதல் தட்டு அடியில் கருகியது. ஓவன் நாங்கள் நினைத்ததைவிடச் சூடு. இரண்டாம் தட்டு சரி. அப்பா அடிக்கோல் வைத்து அளந்தார். "எங்க துணி தண்ணில போட்டாச் சுருங்குது. உங்க பிஸ்கட்டு சூட்டுல விரியுது. இதுக்கு என்ன சர்டிபிகேட் குடுக்க?"

சாப்பிட்டபின் நோட்டை எடுத்து எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன்:

"பவித்ரா கத்தியபோது கிடைத்தது: எலுமிச்சை, கோலிக்குண்டு, அழுகை. அம்மா சொன்னபோது கிடைத்தது: 20, 21, 20, 19, 20. அம்மா கத்திய தடவை: பூஜ்யம்."

அம்மா: "ரொம்பத்தான்." ஆனால் நோட்டை வாங்கித் தானே இன்னொரு முறை படித்தாள்.

ஜோதியிடம் மன்னிப்புக் கேட்டேன். பென்சில் பெட்டியைத் திருப்பித் தருவாளா என்றும் கேட்டேன். தரமாட்டாளாம்.

ஜூலை 12, சனி

தூறல், பிறகு வெயில். மத்தியானம் வரை ஒரு பாடமும் படிக்க முடியவில்லை.

அம்மா காலையில் நான்கட்டாய் டப்பாவை எடுத்துப்போனாள். ராத்திரி காலியாகக் கொண்டுவந்தாள். லைன் முழுக்கக் கொடுத்தாளாம். வடக்கிருந்து வந்த அந்தப் பெண் இரண்டு எடுத்துக்கொண்டாளாம்.

அப்பா கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. ஜோதி: "என்னம்மா சொன்ன?"

"சரின்னு சொல்லியாச்சு. என் லைன்ல ஒருத்தரையும் நிக்க வச்சிப் பேச மாட்டேன், அதுக்குச் சம்மதம்னா வாரேன்னேன்."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. ஒரு வாரம் பாப்போம்மா, பொறவு நீங்களே மாறிருவீங்கன்னாரு."

பிறகு என்னைப் பார்த்து: "ஒண்ணு. ரசம் மட்டும் நான்தான் வைப்பேன். எட்டரையானாலும் வந்து நானே வைப்பேன். அது கைமாறாது."

எனக்கு அப்போதுதான் திங்கட்கிழமைப் பாதிச் சோறு புரிந்தது.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுதவில்லை. துணி துவைத்தோம்.

அம்மாவின் முதல் நாள். இன்று முழுக்கப் பள்ளியில் எனக்குக் கவனம் இல்லை. அறிவியல் டீச்சர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சோறு, பீன்ஸ் பொரியல் நான். ரசத்துக்குப் புளி மட்டும் கரைத்து வைத்தேன். எட்டரை ஆனது. எட்டே முக்கால். ஐந்து நிமிடம் கழித்து வந்தாள். குரல் கம்மியிருந்தது.

நான்: "எப்படிம்மா இருந்துச்சு?"

"இருந்துச்சு."

அப்பா: "பிரச்சன ஒண்ணுமில்லையே?"

"பசிக்கி. பொறவு பேசுவோம்."

குரல் கம்முவது மெஷின் சத்தத்தில் பேசினாலும் வரும். கத்தினாலும் வரும். முகத்தில் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கை கால் கழுவி நேராக அடுப்பறை. நான் போகவில்லை. ஆனால் அவள் வருவதற்கு முன்பே உப்பு டப்பாவை எடை போட்டு வைத்திருந்தேன். 286.

சாப்பிட்டோம். கம்பெனிப் பேச்சு வரவே இல்லை. பீன்ஸில் நார் எடுக்கவில்லை என்று ஜோதி குறை. அப்பாவின் சொம்பை நான் கவனித்தேன். ஒன்றுதான். ஆனால் அதை நிரூபணமாகக் கொள்ள முடியாது.

அம்மா பாய் விரிக்கும்போது அடுப்பறைக்குப் போய்த் தராசைத் தட்டினேன். டப்பாவை வைத்தேன். எண் ஓடி நின்றது.

277.

இரண்டு முறை கழித்துப் பார்த்தேன். ஒன்பது.

"எடை போட்டாச்சா?" என்றாள் அம்மா, திரும்பாமலே. "போட்டாச்சுன்னா படுட்டி."

லைட்டை அணைத்துவிட்டாள்.